சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல ஒரே பில்டிங்: சதுர அடிக்கு நான் 5.50 ரூபா, இன்னொருத்தன் 2.25. கண்ணாடி வேலைக்கு எப்படிதான் ரேட் போடுறது?

கண்ணாடி_துரை:
வணக்கம் மக்களே. பெருங்குடில சின்னதா கண்ணாடி க்ளீனிங் கான்ட்ராக்ட் எடுத்து பண்ணிட்டிருக்கேன், ஏழு வருஷமாச்சு, இப்ப 11 பசங்க. வயித்தெரிச்சல்லதான் எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

போன வாரம் சோழிங்கநல்லூர்ல ஒரு ஆபீஸ் பில்டிங், கிரவுண்ட் ப்ளஸ் 6. மெட்ரோ வேலை நடக்குற ரோட்டுக்கு நேரா முகம், அதனால கண்ணாடி மேல சிமெண்ட் கலர்ல ஒரு படலம். கீழ ரெண்டு மாடில அது இல்லாம உப்புக் கறை வேற, புல்லுக்கு போர் தண்ணிய ஸ்ப்ரிங்ளர்ல அடிக்கிறாங்க, அது தெறிச்சு தெறிச்சு காஞ்சு வெள்ளை வெள்ளையா பொட்டு. நானும் ஒரு பையனும் அரை நாள் உக்காந்து பேனல் பேனலா அளந்தோம், 18,000 சதுர அடி கண்ணாடி வந்துச்சு. 5.50 போட்டேன், மொத்தம் 99,000, ஜிஎஸ்டி தனி.

நேத்து அட்மின் சார் போன் பண்ணி "தம்பி, 2.25க்கு ஒருத்தர் கொடுத்திருக்காரு, நீங்க என்ன பன்னீர் ஊத்தியா தொடைக்கப் போறீங்க"ன்னு கேக்குறாரு. எனக்கு பதிலே வரல.

என் கணக்கை அப்படியே போடுறேன், தப்பிருந்தா சொல்லுங்க. ரோப்புல தொங்குறவங்க 4 பேரு, ஆளுக்கு 1,400. கீழ ஹெல்பர் 2 பேரு, 800. சூப்பர்வைசர் 1,200. ஒரு நாளைக்கு 8,400. கறையோட சேத்து 6 நாள், 50,400. டீ, டிபன், சாப்பாடு ஆளுக்கு 120னு 5,040. ஹெல்பருக்கு ஈஎஸ்ஐ ஒரு முன்னூத்து சொச்சம். இன்சூரன்ஸ்ல இந்த வேலைக்கு பங்கு 2,500, கெமிக்கல், ரப்பர், வாஷர் துணி 3,000, வண்டி 4,000, ரோப்பு தேய்மானம் 3,500, ஆபீஸ் செலவு சும்மா நிக்கிற நாள் எல்லாம் சேத்து 10,000. கூட்டினா 78,750 கிட்ட வருது. எனக்கு நிக்கிறது 20,000.

2.25னா 40,500. பசங்க கூலிக்கே பத்தலையே, எப்படிய்யா பண்றான்?

வாளியும்_துணியும்:
அண்ணே விடுங்க அத. மலிவு மலிவுதான். மூணு மாசம் கழிச்சு அந்த அட்மினே உங்கள கூப்புடுவாரு.

கண்ணாடி_துரை:
தம்பி, இத எல்லாரும் சொல்றாங்க, ஏழு வருஷத்துல அப்படி திரும்பி வந்தவங்க ரெண்டே பேரு. மத்தவங்க அடுத்த மலிவுக்குப் போயிட்டாங்க.

கோவை_ஜன்னல்:
நான் கோயமுத்தூருங்க, வீடு மட்டும்தான் பண்றேன், உயர பில்டிங் எல்லாம் தொடறதில்ல. எனக்கும் இதே கூத்துதானுங்க, போன்ல ஆப்புல புக் பண்ணுனா மூணு ஜன்னல் இத்தனை ரூவான்னு ஆஃபர் வருது. மொதல்ல நானும் சதுர அடிக்குத்தான் போட்டுட்டு இருந்தேன், வீட்டு வேலைக்கு அது ஆகவே ஆகாதுங்க. கண்ணாடி அஞ்சு நிமிஷம், ஸ்லைடிங் ட்ராக்குக்குள்ள இருக்குற மண்ணு, பல்லி முட்டை, செத்த எறும்பு எடுக்க இருவது நிமிஷம். அப்புறம் நம்மூரு ஜன்னல்ல கம்பி. கம்பிக்கு வெளிய கண்ணாடி இருந்தா கைய நீட்டி நீட்டி துடைக்கோணும், ஸ்க்வீஜி (தண்ணிய இழுக்குற ரப்பர் பட்டை) நுழையாது. கொசு வலைய கழட்டி கழுவி மாட்றது இன்னொரு பாடு.

இப்ப நான் ஷட்டருக்குத்தானுங்க ரேட்டு, அதாவது ஜன்னல் கதவு ஒண்ணுக்கு இவ்வளவுன்னு. கம்பி இல்லாத ஷட்டர் ஒரு ரேட்டு, கம்பி இருந்தா ஒன்றரை மடங்கு, வலை தனி, ட்ராக் தனி. கஸ்டமர் பேரம் பேசினா "சரிங்க, ட்ராக்க விட்டுடலாம், வலைய விட்டுடலாம்"னு சொல்லுவேன். ரேட்ட குறைக்க மாட்டேன், வேலைய குறைச்சுக்குவேன். பாதிப் பேரு "இல்லப்பா அதையும் பண்ணிடு"ம்பாங்க.

மேனேஜர்_பக்கம்:
நான் உங்களுக்கு எதிர்ப் பக்கம், பதினாலு வருஷமா ஃபெசிலிட்டி மேனேஜ்மெண்ட்ல (பில்டிங் பராமரிப்பு) இருக்கேன், உங்க மாதிரி கொட்டேஷன் வாரத்துக்கு பத்து பாக்குறேன். வருத்தப்படாதீங்க, உள்ளதைச் சொல்றேன்.

உங்க கொட்டேஷன் என் டேபிளுக்கு வந்தா எனக்கு என்ன தெரியும்? ஒரு லெட்டர்பேடு, "முகப்புக் கண்ணாடி சுத்தம் செய்ய சதுர அடி 5.50", கையெழுத்து. இன்னொண்ணுல அதே வரி, 2.25. நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு மேல போயி 5.50க்கு சைன் கேப்பேன்? ஆடிட்ல என் கழுத்தத்தான் புடிப்பாங்க. நீங்க அரை நாள் அளந்தது, கறைக்கு தனியா ஒரு நாள் வச்சது, இன்சூரன்ஸ், எதுவுமே அந்த காகிதத்துல இல்லையே.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். 2.25னு சொன்னாரே, எத்தனை சதுர அடிக்குன்னு கேட்டீங்களா? நீங்க கண்ணாடிய மட்டும் அளந்திருக்கீங்க. நிறைய பேரு பில்டிங் நீளத்தை உயரத்தால பெருக்கி, நடுவுல இருக்குற ஏசிபி ஷீட்டு (முகப்புல ஒட்டுற அலுமினியம் பேனல்), தூணு, சுவரு எல்லாத்தையும் சேத்து மொத்த எலிவேஷனுக்கு, அதாவது முழு முகப்புக்கும், பில் போடுவாங்க. ரேட்ட பாத்தா பாதி, பில்ல பாத்தா கிட்டத்தட்ட அதே. அட்மினுக்கு இது தோணவே தோணாது, அவரு ரேட்ட மட்டும்தான் பாத்திருப்பாரு. போயி கேளுங்க.

கண்ணாடி_துரை:
சார், சத்தியமா இது எனக்கு தோணல. நாளைக்கு நேர்லயே போறேன்.

ரெண்டு_பேர்_டீம்:
எல்லாரும் மலிவுக்காரன் மலிவுக்காரன்னு பேசுறீங்க, நான் அந்த மலிவுக்காரன்தான். அந்த பில்டிங் இல்ல, ஆனா ரெண்டு ரெண்டேகால்ல தாம்பரம், பல்லாவரம் பக்கம் எடுத்திருக்கேன். நானும் என் மச்சானும் ரெண்டு பேரும் ரோப்புல இறங்குவோம், கீழ ஒரு பையன். சூப்பர்வைசர் கிடையாது, ஆபீஸ் கிடையாது, பைக்குலயே ரோப்பு பேக்க கட்டிக்கிட்டுப் போயிருவோம். உங்க லிஸ்ட்ல பாதி செலவு எனக்கு இல்ல அண்ணே, அது என் தப்பா?

ஆடி மாசம் காத்து, ரோப்பு ஆளத் தூக்கி அடிக்கும், வேலை இல்ல. ஐப்பசி கார்த்திகை மழை, வேலை இல்ல. நடுவுல ஆயுத பூஜைக்கு முன்னாடி பத்து நாள் எல்லாரும் ஒரே நேரத்துல கூப்புடுவாங்க, அப்புறம் போன் அடிக்காது. சும்மா உக்காந்திருந்தா மச்சான் வேற வேலைக்குப் போயிருவான், அவன் போயிட்டா நான் அவ்வளவுதான். அதனால கிடைச்ச ரேட்டுக்கு எடுக்குறேன்.

துபாய்_ரோப்:
தம்பி, திட்டல, ரெண்டு கேள்வி கேக்குறேன். ஒண்ணு, உங்க கூலிய நீங்க கணக்குல சேத்தீங்களா? வேற ஒருத்தன்கிட்ட ரோப்புல தொங்கினா நாளைக்கு 1,400 வாங்குவீங்க, அது போக மிச்சம் எவ்வளவு நிக்குது? ரெண்டு, ஆளுக்கு எத்தனை ரோப்பு?

ரெண்டு_பேர்_டீம்:
கூலின்னு தனியா எடுத்ததில்லண்ணே, வேலை முடிஞ்சு வர்றத பிரிச்சுக்குவோம். ரோப்பு ஆளுக்கு ஒண்ணு. மூணு வருஷ ரோப்பு, நல்லாத்தான் இருக்கு.

துபாய்_ரோப்:
நான் எட்டு வருஷம் துபாய்ல தொங்கினவன், ஐராட்டா லெவல் 1, ரோப்பு வேலைக்கான சர்டிபிகேட். அங்க ஒரு ரோப்புல ஆள் இறங்கினா சைட்டையே மூடிருவான். வேலை பாக்குற ரோப்பு ஒண்ணு, காப்பு ரோப்பு ஒண்ணு, ரெண்டும் தனித்தனி ஆங்கர்ல (ரோப்ப மேல கட்டுற பிடிப்பு). கோடைல ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயில்ல நிக்க வைக்கவே கூடாது. எல்லா கம்பெனிக்கும் இதே செலவுங்கிறதால அந்த அளவுக்குக் கீழ எவனும் இறங்க முடியாது. நம்ம ஊர்ல அந்த அடிமட்டம் இல்ல, அதான் பிரச்சினையே.

மூணு வருஷ ரோப்ப பத்தி ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. நீங்க உப்புக் கறைக்கு ஆசிட் அடிப்பீங்கதானே? ஆசிட் தண்ணி உங்க கால் பக்கம் ரோப்புல வழியும். நம்ம ரோப்பு பெரும்பாலும் நைலான், நைலானுக்கு ஆசிட் ஆகாது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, உறை நல்லாத்தான் இருக்கும், உள்ள நூலு நொந்து போயிருக்கும். இன்னைக்கே ரோப்ப முழு நீளத்துக்கும் கைல உருவிப் பாருங்க, எங்கயாவது மெத்துனோ, கெட்டியா விறைப்பாவோ, கலர் மாறியோ இருந்தா அங்கயே வெட்டிப் போடுங்க. ஆசிட் பட்டதுன்னு உங்களுக்கே உறுதியா தெரிஞ்சா பாக்கவே வேணாம், தூக்கிப் போடுங்க. புது ரோப்பு விலைய அடுத்த கொட்டேஷன்ல ஏத்துங்க, கஸ்டமர் கொடுக்கட்டும்.

ரெண்டு_பேர்_டீம்:
சரிண்ணே. பாக்குறேன்.

வாளியும்_துணியும்:
ஆசிட்னு பேச்சு வந்ததால கேக்குறேன், கறைக்கு ஒருத்தர் ஒரு பாட்டில் கொடுத்தாரு, லேபிளே இல்ல, தடவினா ரெண்டு செகண்டுல கண்ணாடி பளிச். அதான் மலிவுக்காரங்க ரகசியமா?

கண்ணாடி_துரை:
தம்பி அத கீழ வை. அது அனேகமா எச்எஃப், ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட். எங்கிட்ட இருந்த ஒரு பையன், நான் இல்லாத சைட்ல, இப்படித்தான் லேபிள் இல்லாத பாட்டில வாங்கி கிளவுஸ் போடாம தடவிட்டான். அப்ப எரியல. சாயங்காலம் டீ குடிச்சுட்டு சிரிச்சுக்கிட்டுதான் வீட்டுக்குப் போனான். ராத்திரி 11 மணிக்கு போன், விரல் நுனி வெள்ளையா போயி, உள்ள எலும்புக்குள்ள குத்துதுன்னு அழறான். அது அப்படித்தான், மேல தோல்ல காட்டாம உள்ள இறங்கி எலும்புல இருக்குற கால்சியத்த புடிக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லுன்னு ஒண்ணு இருக்கு, மொதல்ல தண்ணில நல்லா கழுவிட்டு அதத் தடவணும், உடனே ஆஸ்பத்திரி போகணும், தேங்கா எண்ணெய் தடவி தூங்கக் கூடாது. அவன் விரல் தப்பிச்சுது, நகம் போச்சு.

கண்ணாடிக்கும் அது நல்லதில்ல. கறைய எடுக்கல அது, கண்ணாடியையே அரிச்சு எடுக்குது. அலுமினியம் ஃப்ரேம்ல பட்டா கோடு கோடா வெளுத்துரும், கீழ கிரானைட்ல சொட்டினா மங்கல் விழும். ஆறு மாசம் கழிச்சு கண்ணாடில வானவில் மாதிரி தெரியும்போது நீ போயிட்டிருப்ப, அடுத்து வர்றவன் தலைல விழும்.

நான் பண்றது: மொதல்ல ஒரு அடிக்கு ஒரு அடி சாம்பிள். ஆக்சாலிக் ஆசிட் கலந்த லேசான கெமிக்கல், வெள்ளை பேடு. போகலேன்னா சீரியம் ஆக்சைடு பாலிஷ், அது நேரம் புடிக்கும். அதுக்கும் போகலேன்னா கண்ணாடி ஏற்கெனவே அரிச்சுப் போச்சுன்னு அட்மின்ட்ட எழுத்துல சொல்லிருவேன். இதெல்லாம் எப்படி 2.25ல?

பில்_புக்கு:
நான் க்ளீனிங் ஆளு இல்ல, உங்கள மாதிரி நாலஞ்சு பேருக்கு கணக்கு எழுதுறவன். மூணு விஷயம்.

உங்க ஈஎஸ்ஐ கணக்கு சரிதான், ஆனா ஏன் சரின்னு மத்தவங்களுக்கு தெரியணும். மாச சம்பளம் 21,000 வரைக்கும்தான் ஈஎஸ்ஐ. ஹெல்பர் 800ன்னா 26 நாளைக்கு 20,800, உள்ள வர்றாரு, முதலாளி பங்கு 3.25 சதவீதம். ரோப்பு ஆளு 1,400ன்னா 36,400, வெளிய. ஆக உங்க எடத்துல அதிக ஆபத்துல இருக்குறவனுக்குத்தான் ஈஎஸ்ஐ இல்ல! அவங்களுக்கு எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி (வேலைல அடிபட்டா நஷ்டஈடு கொடுக்குறது) கட்டாயம் எடுங்க, அதுல உயரத்துல பாக்குற வேலைன்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க, "ஹவுஸ்கீப்பிங்"னு மட்டும் போட்டு எடுத்தா க்ளெய்ம் அப்ப கம்பெனி கைய விரிச்சுரும்.

ரெண்டாவது, ஜிஎஸ்டி 18 சதவீதம். எதிராளி பதிவு இல்லாதவரா இருந்தா 18 சதவீதம் மலிவா தெரிவாரு. ஆனா ஜிஎஸ்டி கட்டுற ஆபீஸ் கிளையண்ட்டு அத இன்புட்டா எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்குவாரு, அவருக்கு அது செலவே இல்ல. இத வாயால சொல்லுங்க, நிறைய அட்மினுக்கு தெரியாது. அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல பெரும்பாலும் இந்த பேச்சு எடுபடாது, அங்க 18ம் அவங்க கைக்காசுதான்.

மூணாவது, டிடிஎஸ். தண்ணில உப்பு அளவச் சொல்ற டிடிஎஸ் இல்ல, பில்லுல முன்கூட்டியே வரியா புடிக்கிற டிடிஎஸ். தனி ஆளு பேர்ல நடத்தினா 1 சதவீதம், பார்ட்னர்ஷிப், கம்பெனின்னா 2 புடிப்பாங்க. திரும்ப வர்ற காசுதான், ஆனா 10 சதவீத லாபத்துல ஓடுறவனுக்கு அது வருஷம் பூரா கை இறுக்கம்.

வாளியும்_துணியும்:
ஆமா தண்ணி டிடிஎஸ்சும் ஒரு செலவுதானே? எங்க ஏரியா போர் தண்ணில கழுவினா காஞ்சதும் மறுபடி பொட்டு வருது.

கோவை_ஜன்னல்:
ஸ்க்வீஜி போட்டு முழுசா இழுத்துட்டா பொட்டு வராதுங்க, ஓரத்துல மட்டும் துணி. ரப்பர் வெட்டுப்பட்டிருந்தா கோடு விழும், திருப்பி மாட்டுங்க, ரெண்டு பக்கமும் ஓடும். கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி நாலு கேன் வாங்கிக்கோங்க, போதும்.

கண்ணாடி_துரை:
திரும்பி வந்துட்டேன். மேனேஜர் சாருக்கு ஒரு பிரியாணி கடன்.

அட்மின் அந்த கொட்டேஷன காட்டினாரு (பேர மறைச்சுதான், நானும் கேக்கல). 2.25 பக்கத்துல "மொத்த எலிவேஷன் ஏரியா 31,000 சதுர அடி". கூட்டிப் பாத்தா 69,750! அதுலயும் கீழ பொடி எழுத்துல "கடின கறைகள் நீங்கலாக". அட்மின் முகத்த பாக்கணுமே, கால்குலேட்டர ரெண்டு தடவ தட்டினாரு. நான் 99,000, அவன் 69,750, என் விலைல கறை இருக்கு, அவன் விலைல இல்ல. ஏசிபி ஷீட்டையும் துடைக்கிறானான்னு கேட்டா அவருக்கே தெரியல.

அவன் மேல இப்ப எனக்கு கோவமே இல்ல, சொல்லப்போனா அவன் கொட்டேஷன் எழுதுறதுல என்னைவிட கெட்டிக்காரன்.

வீட்டுக்கு வந்து கோவை அண்ணன் சொன்ன மாதிரி பிரிச்சேன். கறை இல்லாம கழுவல் மட்டும்னா 5 நாள்ல முடியும், என் செலவு 66,000 கிட்ட. 4.25 போட்டேன், 76,500. கறை எடுக்குறது தனி வரி, கீழ ரெண்டு மாடில 3,500 சதுர அடி, 8 ரூபா, 28,000. அந்த உயரத்துக்கு சாரமே போதும், ரோப்பு வேணாம். ரெண்டும் சேத்தா 1,04,500, பழைய விலைய விட ஜாஸ்தி, ஆனா இப்ப பாக்க மலிவா தெரியுது!

கூட ரெண்டு பக்கம் ஒட்டினேன்: பேனல் அளவு, ஆளுக்கு ரெண்டு ரோப்புன்னு ஒரு வரி, பாலிசி முதல் பக்கம், ஸ்ப்ரிங்ளர் தலைய திருப்பலேன்னா கறை மூணு மாசத்துல மறுபடி வரும்னு ஒரு குறிப்பு.

மேனேஜர்_பக்கம்:
இந்த காகிதத்த வச்சா நான் சைன் வாங்கிருவேன். ஆனா ஸ்ப்ரிங்ளர் விஷயத்த எழுதினது உங்க வேலைக்கே வேட்டு, தெரியுமில்ல?

கண்ணாடி_துரை:
தெரியும் சார். எழுதாம விட்டா அடுத்த வருஷம் "நீங்க சரியா எடுக்கல"ம்பாங்க.

பில்_புக்கு:
பேமெண்ட் எத்தனை நாள்னு எழுதினீங்களா? உத்யம் பதிவு (சிறு தொழில் பதிவு) இருந்தா அந்த நம்பர பில்லுல போடுங்க. எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லேன்னா 15 நாள். கெடு தாண்டி, மார்ச் 31லயும் பாக்கியா நின்னா அந்த வருஷக் கணக்குல அவங்களால அத செலவா கழிக்க முடியாது. நீங்க பத்து தடவ போன் பண்றத விட அவங்க ஆடிட்டர் ஒரு தடவ கேட்டா காசு வந்துரும்.

துபாய்_ரோப்:
துரை, அவங்க 70க்கு வர சொன்னா என்ன பண்ணுவீங்க?

கண்ணாடி_துரை:
போக மாட்டேன்னு சொல்லணும்னு ஆசை. உண்மைய சொன்னா, பசங்க ரெண்டு நாளா சும்மா உக்காந்திருக்காங்க, மழைக்கு முன்னாடி இந்த ஒரு வேலை இருந்தா நல்லது. 72க்குக் கீழன்னா விட்டுடுறேன், அதுக்கு மேல கை நீட்டிருவேன்னுதான் நெனைக்கிறேன். அந்த ரெண்டு பேர் டீம் தம்பி சொன்னது ஒண்ணும் பொய்யில்ல, மொத ரெண்டு வருஷம் நானே வேளச்சேரில ரெண்டு ரூபாக்கு எடுத்திருக்கேன், ஒரே ரோப்புல. நெனைச்சா இப்ப வயித்த கலக்குது.

ரெண்டு_பேர்_டீம்:
அண்ணே, துபாய் அண்ணன் சொன்ன மாதிரி ரோப்ப உருவிப் பாத்தேன். கீழ்முனைல இருந்து ஒரு ஆறு அடில விறைப்பா ஒரு எடம், மஞ்சளா. மச்சான் சும்மாதான் இருக்கும்னான். அந்த எடத்த மடக்கி கீறிப் பாத்தோம், உள்ள நூலு பொடிப் பொடியா வந்துச்சு. அந்த ரோப்ப முழுசா வெட்டி தண்ணி இறைக்க கொடுத்துட்டேன். இப்ப புதுசு நாலு வாங்கணும், காசு இல்ல, அதனால ஒரு பதினஞ்சு நாள் கிரவுண்ட் ஃப்ளோர் ஷோரூம் வேலை மட்டும்தான்.

கண்ணாடி_துரை:
நம்பர தனி மெசேஜ்ல அனுப்பு தம்பி. இந்த வேலை வந்தா ரோப்புக்கு ரெண்டு பேரு எனக்கே தேவைப்படும், 1,400, ரோப்பு என்னுது.

கோவை_ஜன்னல்:
துரை அண்ணா, என்னாச்சுங்க? ஒரு வாரமா சத்தத்தையே காணோம்.

கண்ணாடி_துரை:
சைட்லதான் இருக்கேன், மேல மொட்டை மாடில நிழல்ல உக்காந்து எழுதுறேன். 4.10க்கு முடிஞ்சுது, 73,800, கழுவல் மட்டும். கறைய தீபாவளிக்கு அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. ரிசப்ஷன் பக்கத்துல ஒரே ஒரு பேனல் மட்டும் சாம்பிளா எடுத்து விட்டிருக்கேன், சும்மாதான், காசு வாங்கல. பக்கத்து பேனல் கூட வச்சுப் பாத்தா நான் எடுத்தது கண்ணாடி, மத்தது டியூப்லைட் கவர். டைரக்டர் தினம் அது வழியாத்தான் போறாரு.

ரெண்டு பேர் டீம் தம்பியும் மச்சானும் மூணாவது நாளா என்கூடத்தான். மச்சான் கை வேகம், ஆனா காப்பு ரோப்ப மாட்ட தினம் ஒரு தடவ ஞாபகப்படுத்தணும்.

வாளியும்_துணியும்:
அண்ணே, பேரப்பெட் (மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்) ஓரத்துல ரோப்பு உரசாம இருக்க என்ன போடுறீங்க? நான் கோணிச்சாக்கு மடிச்சு போடுறேன், நழுவி நழுவிப் போகுது.

கண்ணாடி_துரை:
பழைய ஃபயர் ஹோஸ் தம்பி. கான்வாஸ் ஹோஸ், காயலான் கடைல கிடைக்கும். ரெண்டு அடிக்கு வெட்டி, ரோப்ப உள்ள நுழைச்சு, ஒரு முனைல ஓட்டை போட்டு கயித்தால மேல கட்டிரு, நழுவாது. சாக்கு ஈரமானா வழுக்கும், போடாத.